ஒரு தாளில் அடங்காத குதிரைத்திறன்

2012இல் செவர்லே ஷோரூம்களில் வி8 இன்ஜினோடு இரண்டு வகைக் கமாரோக்கள் இருந்தன. ஒன்று எஸ்எஸ். அதன் மேனுவல் கியர் ரகத்தில் எல்எஸ்3 என்ற 6.2 லிட்டர் வி8 இன்ஜின், 426 குதிரைத்திறன். மற்றது இசட்எல்1. அதே 6.2 லிட்டர், அதன் மேலே காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஈட்டன் நிறுவனத்தின் 1.9 லிட்டர் சூப்பர்சார்ஜர், 580 குதிரைத்திறன். இடையிலுள்ள 154 குதிரைத்திறனை ஒரு பெட்டியில் வாங்கி வந்து எஸ்எஸ் காரிலும் பூட்டிவிடலாம் என்பது அமெரிக்க உதிரிபாகச் சந்தை தரும் வாக்குறுதி. அது பொய்யும் அல்ல. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த எண்ணை எட்டுவதற்குச் சூப்பர்சார்ஜரை மட்டும் வைத்து நிறுத்தவில்லை. சிலிண்டரின் அழுத்த விகிதத்தை 10.7இலிருந்து 9.1ஆகக் குறைத்தது. பிஸ்டன்களின் அடிப்பக்கம் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்க வழி செய்தது. பின் டிஃபரன்ஷியலுக்கும் கூலர் வைத்தது. கிட் வாங்கிப் பூட்டுபவருக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டும் பாரம் முழுவதும் இன்ஜின் கணினியின் எண்களைத் திருத்தும் டியூனிங்கின் தலையில் விழுகிறது. அந்த டியூனிங்கோ பல கடைகளில், திறனை அளக்கும் டைனோ உருளையின் மேல் சில ஓட்டங்களோடு முடிந்துவிடுகிறது. சூப்பர்சார்ஜர் பொருத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த அவசர முடிவைத்தான் குறை சொல்கிறேன்.

தெருவில் ஓட்டும் காருக்கு இந்தக் கருவி எவ்வளவு பொருத்தமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வழித்தோன்றல் இது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத் தள்ளும். அதனால் டர்போவைப் போல வெளியேறும் புகை வேகம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2,000 சுற்றிலேயே காலுக்குக் கீழே இழுவை தயாராக இருக்கும். நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகும்போது பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றி விட்டுவிடுவதால் கருவி வீணாக உழைப்பதும் இல்லை. வி8 இன்ஜினின் இயல்பு கெடாமல் அதன் பலம் மட்டும் கூடுகிறது. காரை விற்கும்போது கழற்றிப் பெரும்பாலும் பழையபடி ஆக்கவும் முடியும்.

பொருத்தும் வேலையில் ஓர் இடத்தை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். எல்எஸ் இன்ஜின்களின் கிராங்க் முனையில் புல்லியைப் பூட்டிப் பிடிக்கச் சாவிக்கட்டை கிடையாது. இறுக்கமாக அழுத்தி ஏற்றிய பிடியும் நடுவிலுள்ள ஒரே போல்ட்டும்தான் அதைத் தாங்குகின்றன. ஏசி கம்ப்ரசரையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்ற அது போதும். சூப்பர்சார்ஜர் கேட்கும் விசை வேறு ரகம். டாட்ஜ் ஹெல்கேட்டின் 707 குதிரைத்திறன் இன்ஜினில் கருவியைச் சுழற்றுவதற்கு மட்டும் சுமார் 80 குதிரைத்திறன் செலவாகிறது. ஆகவே நல்ல மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி இடம் பண்ணிக்கொண்டு, போல்ட்டை எடுத்துவிட்டு, வழிகாட்டி அச்சை வைத்து, புல்லியின் மையமும் கிராங்க்கின் முனையும் சந்திக்கும் கோட்டிலேயே துளை போடுகிறார். பாதித் துளை ஒன்றில், பாதித் துளை மற்றதில். அதில் எஃகு ஊசியைத் தட்டி இறக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். துரப்பணம் கொஞ்சம் சாய்ந்தாலும் சேதம் கிராங்க்குக்கு, புதிய கிராங்க் மாற்றுவதென்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். இந்த ஊசியை வெளியே இருந்து யாரும் பார்க்க முடியாது, டைனோ அச்சிட்டுத் தரும் தாளிலும் அது வராது. சில நூறு முறை ஆக்சிலரேட்டரை அழுத்திய பிறகு புல்லி வழுக்கத் தொடங்கும்போதுதான் அது இல்லாதது தெரியும்.

அடுத்தது சூடு. 30 டிகிரி செல்சியஸ் காற்றை 7 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தினால், இந்த வகைக் கருவியின் இழப்பையும் சேர்த்து, அது 80 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். இன்டர்கூலர் அதைக் கணிசமாக இறக்கும். ஆனாலும் கருவி உட்கார்ந்திருப்பது வி8இன் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, கொதிக்கும் உலோகத்தின் மேல். சிக்னலில் நின்றாலே சூடு ஏறும். 10.7 அழுத்த விகிதத்தில் சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். அந்த நாக்கிங்கைத் தவிர்க்க ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ள வேண்டும், கலவையில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். தயாரிப்பாளர் உலோகத்தில் செய்ததை டியூனர் எண்களில் செய்கிறார். எந்த அளவுக்குச் செய்யலாம் என்பது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் உயர்தரப் பெட்ரோல் 91 ஆக்டேன், பல மாநிலங்களில் 93. அங்கே கணக்கிடும் முறை வேறு என்பதால் அந்த 91, நம் ஊர்க் கணக்கில் சுமார் 95க்குச் சமம்.

இப்போது டைனோவுக்கு வருகிறேன். அதன் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எடை தெரிந்த கனத்த உருளையைச் சக்கரங்கள் எவ்வளவு வேகமாகச் சுழற்றுகின்றன என்பதிலிருந்து இனர்ஷியா டைனோ திறனைக் கணக்கிடுகிறது. கமாரோவின் நான்காம் கியரில் அடியிலிருந்து 6,500 சுற்றுவரை முழு ஆக்சிலரேட்டரில் ஓடி முடிக்கப் பத்துப் பதினைந்து நொடி போதும். இதைச் சாலையில் செய்வது ஆபத்து, சட்டவிரோதமும்கூட. புகைக்குழாயில் வைத்த உணர்கருவி கலவையைக் காட்டும். ஸ்பார்க்கை ஒரு டிகிரி முன்னால் தள்ளியும் திறன் ஏறவில்லையென்றால் அந்த ஒரு டிகிரி வெறும் ஆபத்து, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்ய இதைவிட நல்ல கருவி கடையில் இல்லை.

ஆனால் இன்ஜின் கணினியில் உள்ள ஸ்பார்க் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் சுற்று வேகம், மறுபக்கம் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு, நடுவே நூற்றுக்கணக்கான கட்டங்கள். முழு ஆக்சிலரேட்டர் ஓட்டம் அதன் ஓர் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. காலை அலுவலகம் போகும் கார் வாழ்வது மற்றக் கட்டங்களில். குளிர்ந்த இன்ஜின் முதலில் உயிர் பெறும் நேரம், ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் ஊரும் நேரம், பாதி ஆக்சிலரேட்டரில் மேட்டில் ஏறும்போது பைபாஸ் வால்வு மூடி அழுத்தம் தலைகாட்டும் நேரம். இந்தக் கடைசி இடம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. கிட் பூட்டும்போது உறிஞ்சு குழாயை மாற்றியதால் காற்றளவு உணர்கருவியின் கணக்கு மாறியிருக்கும். அதைத் திருத்தாமல் விட்டால் முழு வேகத்தில் சரியாக இருக்கும் கலவை பாதி வேகத்தில் வறண்டுபோகும். மின்காந்தத் தடையால் இன்ஜினை ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்தும் டைனோக்கள் உண்டு. அவற்றில் கட்டம் கட்டமாகத் திருத்தலாம். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும், அந்த உழைப்பு தாளில் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது.

தாளில் உள்ள எண்ணும் நெகிழக் கூடியது. எஸ்ஏஇ ஜே1349 முறையில் திருத்தினால் 25 டிகிரி காற்று, பழைய எஸ்டிடி முறையில் 15.5 டிகிரி. ஒரே ஓட்டம் இரண்டாவது முறையில் 3, 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 500 குதிரைத்திறன் காரில் அது 15, 20. பானெட்டைத் திறந்து, பெரிய விசிறி வைத்து, ஓட்டங்களுக்கு நடுவே இன்டர்கூலரை ஆறவிட்டு எடுத்த எண்ணும் அப்படித்தான். இவற்றை மோசடி என்று சொல்ல மாட்டேன், எந்த நிலையில் எடுத்தது என்று எழுதியிருந்தால் போதும்.

என்னால் ஏற்க முடியாதது வேறு. எல்எஸ்3இன் கணினியில் இரண்டு ஸ்பார்க் அட்டவணைகள் உண்டு: நல்ல பெட்ரோலுக்கு ஒன்று, மட்டமானதற்கு ஒன்று. நாக்கிங் தொடர்ந்தால் கணினி இரண்டாவதை நோக்கிச் சரியும். எண் குறையக் கூடாது என்பதற்காக முதல் அட்டவணையை அப்படியே இரண்டாவதில் நகலெடுத்துவிடுவதும், நாக் உணர்கருவியின் காதை மந்தமாக்குவதும் நடக்கின்றன. எல்எஸ்3இன் பிஸ்டன்கள் வார்ப்பு வகை. வளையங்களுக்கு நடுவிலுள்ள பகுதி நாக்கிங்கைத் தாங்காமல் உடையும். கோடையில் ஒரு நாள் மட்டமான பெட்ரோலோடு மேடு ஏறும் காருக்கு இருந்த கடைசிப் பாதுகாப்பை ஒரு தாளுக்காகப் பிடுங்கிவிடுகிறார்கள்.

கலிபோர்னியாவில் சட்டமும் இதற்குள் வருகிறது. மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் பெற்ற கிட்களையே அங்கே சாலையில் பயன்படுத்தலாம். 2021 ஜூலை 19 முதல் புகைச் சோதனையில் கணினியின் மென்பொருளையும் பார்க்கிறார்கள். கிட்டோடு வரும் மென்பொருளை டைனோவில் மாற்றினால் சோதனையில் தோல்விதான். ஆர்வலர்கள் பலருக்கு இதில் கோபம். கிட் தயாரிப்பாளரின் மென்பொருள் கொஞ்சம் அடக்கமானது என்பது உண்மை. ஆனால் குளிரில் கிளப்புவதும் நெரிசலில் ஊர்வதும் அதில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. கடையில் அரை நாளில் எழுதும் டியூன் அதைவிட மேல் என்று நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது.

கடையில் டியூன் செய்வதென்றே முடிவெடுத்தவர், ஒரே மூச்சில் ஆறவிடாமல் எடுத்த நான்காவது ஓட்டத்தின் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் உள்ளே போகும் காற்றின் சூடு, நாக்கிங்குக்காகக் கணினி பின்வாங்கிய டிகிரி, பெட்ரோல் அழுத்தம் மூன்றும் இருக்க வேண்டும். கார் வீட்டுக்குப் போன முதல் வாரத்தின் சாலைப் பதிவுகளை அனுப்பச் சொல்லி, பார்த்து, திரும்பத் திருத்தித் தரும் டியூனர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தத்துக்குத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம்.