அங்கதமும் துக்ளக்கும்

அங்கதம் ஓய்வு நேரத்துக்குரிய சரக்கு; ஆட்சி, மொழி, வறுமை போன்ற தலையாய பொருள்களை அதன் கையில் ஒப்படைப்பது தகாது என்று கருதுவோர் நம்மிடையே உளர். தொல்காப்பியர் அவ்வாறு கருதவில்லை. நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலையே அவர் முதலில் வைத்தார். வெளிப்படையாகப் பழிப்பது, பழியை மறைத்து மொழிவது என அங்கதத்தை இருவகையாக்கிச் செய்யுளியலில் இடமும் தந்தார். எனவே பொருந்துமா, பொருந்தாதா என்னும் வினா நமக்குப் பெரிதன்று. எவரை நோக்கி நகைக்கின்றோம், நகைத்து ஓய்ந்தபின் நம்மிடம் எஞ்சுவது யாது என்பனவே நாம் கேட்க வேண்டியவை. இவ்வினாக்களோடு சோ அவர்களின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை மீண்டும் அணுகுகின்றோம்.

1968-இல் மேடையேறி, 1971-இல் திரைப்படமாகவும் வந்த நாடகம் அது. 14-ஆம் நூற்றாண்டின் சுல்தானும் அவர் காலத்துப் பயணி இப்னு பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்ததாக நாடு நம்புகிறது. சுல்தான் தேர்தலில் நின்று பிரதமராகிறார். கட்சி தாவி வந்தவர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கிடைக்கிறது. மொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீகம் அரியணை ஏறுகிறது. வந்தவர் இருவரும் வேடதாரிகள் என்பது பின்னர் நமக்குத் தெரியவருகிறது.

பதவிப் பங்கீட்டுக் காட்சிகளில் அங்கதம் தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. 1967 பொதுத் தேர்தலுக்குப் பின் வட மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் சந்தைப் பொருளாயினர். அரியானாவில் கயா லால் என்னும் உறுப்பினர் குறுகிய காலத்திற்குள் மீண்டும் மீண்டும் கட்சி மாறியதால், ‘ஆயா ராம், கயா ராம்’ என்னும் தொடரே நாட்டு வழக்காயிற்று. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் 1985-இல்தான் வந்தது. சட்டம் வாய் திறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் மேடை இதனைச் சொல்லிவிட்டது. நூறு தலையங்கங்கள் அறத்தைப் போதித்து அடைய முடியாத பயனை, வந்தவர்க்கெல்லாம் நாற்காலி போடும் ஒரு காட்சி அடைந்தது. இங்கே நகைப்புக்கு உள்ளாகிறவன் அதிகாரம் உடையவன். அவன் செய்வதைச் சற்றே பெரிதாக்கினால் போதும், அவன் உருவம் தெரிந்துவிடுகிறது.

பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கும் பகுதிக்கு இந்தப் பாராட்டை நாம் வழங்க இயலாது. நாடகம் மேடை கண்ட காலத்தை நினைவுகூர வேண்டும். 1964 சனவரியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். 1965-இல் தமிழகத் தெருக்களில் மாணவர்கள் துப்பாக்கிக்கு முன் நின்றனர். 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. இத்தகைய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எவருக்கும் வேண்டாத மொழி ஒன்றை எல்லோர்க்கும் பொதுவாக்கினால் சண்டை ஓய்ந்துவிடும் என்று வேடிக்கை செய்யும்போது, திணித்தவனும் மறுத்தவனும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். அரங்கம் சிரித்தது உண்மை. ஆயினும் அச்சிரிப்பு யாரைச் சுட்டது? மொழிக்காக உயிரையே கொடுத்தவன் கோமாளியாயினான். ஆணை பிறப்பித்தவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

அயர்லாந்தின் வறுமையைப் பற்றி ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729-இல் எழுதிய சிறு நூலை இதனோடு ஒப்பிடலாம். ஏழைகளின் குழந்தைகளை உணவுக்காக விற்கலாம் என்று அமைதியாகக் கணக்குப் போடும் நூல் அது. பொருளின் கொடுமை அதனினும் மிகுந்தது வேறில்லை. எனினும் படிப்பவரின் சினம் பட்டினி கிடப்பவன்மீது ஒரு கணமும் திரும்புவதில்லை. கணக்குப் போடுகிறவன்மீதும் அவனுக்குப் பின்னால் நிற்கும் நிலவுடைமையாளர்மீதுமே பாய்கிறது. இந்தத் திசையறிவு சோ அவர்களுக்குக் கட்சித் தாவலில் இருந்தது, மொழியில் தவறிற்று என்பதே நம் கருத்து.

இனி அந்த மாண்ட சுல்தானைப் பற்றியும் ஒரு சொல். நாடகத்துக்குப் பின் ‘துக்ளக் தர்பார்’ என்பது மூடத்தனமான ஆட்சிக்குத் தமிழில் நிலைத்த பெயராயிற்று. 1325 முதல் 1351 வரை டில்லியை ஆண்ட அம்மனிதர் தத்துவமும் தருக்கமும் கற்றவர், கொடியவரும்கூட. அவருடைய தண்டனைகளை இப்னு பதூதா மறைக்காமல் எழுதியுள்ளார். அதே பதூதா, ஓர் இந்துப் பிரமுகர் தொடுத்த வழக்கில் சுல்தான் ஆயுதமின்றி நடந்து சென்று காஜியின் முன் நின்றதையும் எழுதியுள்ளார். குருடரும் முடவரும் தௌலதாபாத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட கதை பலருக்கும் தெரியும். இடமாற்றம் நிகழ்ந்தது 1327 அளவில். பதூதா டில்லிக்கு வந்தது 1334-இல். அவர் அதனைக் கண்டவரல்லர், கேட்டவர். (சுல்தானின் ஆளுநராக மதுரைக்கு வந்து, பின் தனியரசு கண்ட ஜலாலுத்தீன் அஹ்சனின் மகளைப் பதூதா மணந்திருந்தார் என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளலாம்.)

செப்பு நாணயத் திட்டமும் பித்தனின் கனவன்று. சீனத்தில் குப்ளாய்கானின் தாள் நாணயம் அதற்கு முன்னரே நடைமுறையில் இருந்தது. கள்ள நாணயத்தைத் தடுக்க வழி செய்யாமையே சுல்தானின் பிழை. திட்டம் தோற்றபோது செப்பைக் கொண்டுவந்தோர்க்குக் கருவூலத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் கொடுத்தார் என்றும், திரும்பிய நாணயங்கள் துக்ளகாபாத்தில் குவிந்து கிடந்தன என்றும் பர்னீ எழுதுகிறார்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, நாடெங்கும் எழுந்த முதற்சொல் ‘துக்ளக்’ என்பதே. சொன்னவர்கள் சிரித்தார்கள், கேட்டவர்களும் சிரித்தார்கள். கூலி பெறாத தொழிலாளியும் வங்கி வாசலில் நின்ற முதியவரும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்தனர். அத்தாள்களில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்கே திரும்பிவிட்டன என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்தபோது, கறுப்புப் பணம் எங்கே என்னும் வினா நாடெங்கும் முழங்கியிருக்க வேண்டும். முழங்கவில்லை. எள்ளல் அதற்கு முன்னரே தன் கடனை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டது. பழகிப்போன அங்கதம் சிந்தனையைத் தூண்டுவதற்கு மாறாக அதனை மூடிவைக்கும் மூடியாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964-இல் எழுதிய ‘துக்ளக்’ இதே மனிதரை வேறு கண்ணால் காண்கிறது. அதிலும் நகை உண்டு; அஸீஸ் என்னும் சலவைத் தொழிலாளி அந்தணர் வேடமிட்டு அரசையே ஏமாற்றுகிறான், கள்ள நாணயமும் அடிக்கிறான். ஆனால் அந்நகை சுல்தானின் இலட்சியங்களை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டுவதற்கே அங்கு வருகிறது. நாம் சிரிக்கும்போதே அச்சமும் தோன்றுகிறது. சோ அவர்களின் நாடகத்திலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. பதவியின் சுவை கண்ட போலிச் சுல்தான் வேடத்தைக் கலைக்க மறுக்கிறான்; உடன் வந்தவன் உண்மையைச் சொல்லும்போது மக்கள் அதனை நம்ப மறுக்கின்றனர். துணுக்குகளுக்காக வந்த அரங்கம் அந்த இடத்தில் அமைதியாகிறது. நாடகம் முழுவதையும் அந்த அமைதியிலிருந்து எழுதியிருப்பாராயின், தமிழிலும் ஒரு துக்ளக் நமக்குக் கிடைத்திருப்பார்.