உரையும் பூச்சும்

நூலின் அருஞ்சொல்லுக்கு எழுதும் விளக்கக் குறிப்பை ஆங்கிலேயர் 'குளொஸ்' என்பர். அச்சொல்லின் பிறப்பு நம் சிந்தனைக்குரியது. கிரேக்க மொழியில் 'குளோஸா' என்றால் நாக்கு. நாக்கைக் குறித்த சொல் மொழியையும், பின்னர் விளங்காத அருஞ்சொல்லையும், இறுதியில் அதன் விளக்கத்தையும் குறிக்கலாயிற்று. இடைக்கால ஐரோப்பிய ஏடுகளின் ஓரங்களிலும் வரிகளின் இடையிலும் இத்தகைய குறிப்புக்கள் நிறைந்தன.

இதே ஒலியுடைய இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. பளபளப்பு என்பது அதன் பொருள். வேறு குடியிற் பிறந்த சொல் அது. ஆயினும் இரண்டும் கலந்தமையால், குறையைப் பூசி மெழுகுதலும் அச்சொல்லின் பொருளாயிற்று. விளக்குவதும் மறைப்பதும் ஒரே சொல்லிற் குடிபுகுந்தன!

தமிழிற் பேச்சும் உரை, விளக்கமும் உரை, பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்றுக் காண்பதும் உரைத்தலே. நல்லுரைக்கு வேண்டியது உரைகல்லின் நேர்மை.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். பொலன்னறுவையிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படவேண்டும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிக மரக்கலமாயின் சரிபாதி என்கிறது அக்கல். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையே என்பர் அறிஞர்.

சிங்கள மன்னன் தமிழில் ஆணையிட்டான் என்று ஒருவர் மார்தட்டலாம். தமிழ்த் தீவிற் சிங்கள மன்னன் ஆணை நடந்தது என்று மற்றொருவர் மார்தட்டலாம். இரண்டும் பூச்சே, உரையல்ல. யானைக்கும் குதிரைக்கும் ஏன் தனிச் சலுகை? அவை அரசனின் படைக்கு வேண்டியவை. ஆணை ஏன் தமிழில் வந்தது? அத்துறையில் வழங்கிய மொழி அது. ஆணை யாருக்கோ அவருக்கு விளங்க வேண்டுமன்றோ? எஞ்சியுள்ள வரிகளில் அரசனுக்குப் பங்குண்டு, கப்பலுடையவனுக்குப் பங்குண்டு. கடலில் உயிரைப் பணயம் வைத்த மாலுமிக்கோ, கரையிற் சுமை இறக்கிய கூலியாளுக்கோ பங்கில்லை. கல் சொல்வதை மட்டுமன்றிச் சொல்லாது விட்டதையும் கேட்பதே உரையாசிரியன் கடமை.

ஆசிரிய நண்பர்களே, பரீட்சைக்கென விற்கப்படும் குறிப்புக்களை நம் மாணவர் நெட்டுருச் செய்கின்றனர். மூலத்தைத் தொட்டும் பார்ப்பதில்லை. முதலில் மூலத்தை அவர்கள் கையிற் கொடுப்போம். உரையை அதன்பின் உரைத்துப் பார்க்கட்டும்.