சொன்னபடி வரையும் கருவி

பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனையைச் செய்திராத அறிவியல் மாணவர் அரிது. ஊசலின் நீளத்தைக் கிடை அச்சிலும், அலைவு நேரத்தின் வர்க்கத்தைச் செங்குத்து அச்சிலும் எடுத்துக்கொண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டே வருவோம். ஒரு புள்ளி மட்டும் வரிசையை விட்டு விலகி நிற்கும். கையில் பென்சிலுடன் தயங்குவோம். அலைவுகளை எண்ணியதில் தவறா? நீளத்தை அளந்ததில் தவறா? இந்தத் தயக்கத்தில்தான் அறிவியல் பயிற்சி தொடங்குகிறது.

இன்று வரைபடம் வரையும் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. கணிப்பொறிக்குத் தயக்கம் கிடையாது. ஆகவே அதனிடம் வேலையைக் கொடுப்பவர் அதன் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உலகெங்கும் மாணவர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்தும் ‘க்னூபிளாட்’ என்ற வரைபட மென்பொருளை இந்த நோக்கில் இங்கு மதிப்பிடுவோம்.

தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் 1986-இல் இதை எழுதத் தொடங்கினர். பெயரைப் பார்த்து, இது புகழ்பெற்ற க்னூ திட்டத்தின் படைப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, அத்திட்டத்துக்கும் இதற்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. ஆனால் இதுவும் விலையின்றிக் கிடைப்பதே. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இதன் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளை எட்டும் ஒரு மென்பொருள் இன்னும் உயிரோடிருப்பது சிறிய செய்தியன்று.

இதில் படங்களைச் சுட்டித் தேர்ந்தெடுக்கும் பட்டியல்களை நம்ப வேண்டியதில்லை. வேண்டியதைக் கட்டளை வரியாக அடித்தால் வரைபடம் வரும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இக்கட்டுரையில் அவற்றின் ஒலிப்பு மட்டும் தமிழில் தரப்படுகிறது.

ஊசலைக் கொண்டு ஒரு சோதனை

நமது ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். கோப்பின் முதல் பத்தியில் நீளம் சென்டிமீட்டரில்: 25, 50, 75, 100. இரண்டாம் பத்தியில் 20 அலைவுகளுக்கான நேரம் வினாடியில்: 20.1, 28.4, 34.8, 40.1. ஓர் அலைவின் நேரம் வேண்டுமானால் இரண்டாம் பத்தியை 20-ஆல் வகுக்க வேண்டும். ‘பிளாட்’ கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பின் ‘யூசிங் 1:($2/20)’ என்று சேர்த்தால் போதும். தாளில் தனியே கணக்கிட்டு இன்னொரு அட்டவணை போட வேண்டியதில்லை. இது இக்கருவியின் சிறந்த வசதிகளுள் ஒன்று.

முதல் தடுமாற்றமும் இங்கேதான். டாலர் குறியை மறந்து ‘(2/20)’ என்று அடித்துவிட்டால், இரண்டாம் பத்தி என்று நாம் நினைப்பதைக் கருவி வெறும் 2 என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளும். புள்ளிகள் அனைத்தும் பூச்சியத்தின் மேல் வரிசையாகப் படுத்துவிடும். செங்குத்து அச்சின் எல்லை வெறுமையாக இருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை வரும். ஆனால் டாலர் குறி விடுபட்டதை அது சொல்லாது.

2-ஐ 20-ஆல் வகுத்தால் 0.1 அல்லவா வர வேண்டும், பூச்சியம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு முழு எண்களை வகுத்தால் ஈவின் முழு எண் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவது க்னூபிளாட்டின் வழக்கம். சி என்ற நிரல் மொழியிலும் இதே வழக்கம் உண்டு. 1/2 என்பதும் அதற்குப் பூச்சியமே.

இதன் விளைவைப் பாருங்கள். அலைவு நேரத்திற்கான வாய்பாட்டின் கோட்டையும் புள்ளிகளோடு சேர்த்து வரைய விரும்புகிறீர்கள். நீளத்தை 980-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2 பையால் பெருக்க வேண்டும். வர்க்கமூலம் என்பது அரை அடுக்குதானே என்று அடுக்கை (1/2) என எழுதுகிறீர்கள். கருவிக்கு அது பூச்சிய அடுக்கு. எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் 1. எனவே எல்லா நீளத்துக்கும் 6.28 வினாடி என்று ஒரு கிடைக்கோடு வந்து நிற்கும். உங்கள் புள்ளிகளோ 1 முதல் 2 வினாடிக்குள் இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. தன் சோதனைதான் தவறு என்று மாணவர் கடிகாரத்தைச் சந்தேகிக்கக் கூடும்.

தீர்வு எளிது. 1.0/2 என்றோ 0.5 என்றோ எழுதுங்கள். ஒரு தசமப் புள்ளி எல்லாவற்றையும் சரி செய்துவிடும். அடுக்குக்கு இரண்டு பெருக்கல் குறிகளைச் சேர்த்து இட வேண்டும் என்பதையும், கோணங்களை இக்கருவி ரேடியனில் கொள்ளும், பாகையில் வேண்டுமானால் ‘செட் ஆங்கிள்ஸ் டிகிரீஸ்’ என்று சொல்ல வேண்டும் என்பதையும் இத்துடன் நினைவில் வையுங்கள்.

தொண்ணூற்றொன்பது அலைகள் எங்கே போயின?

அடுத்து, தரவு இல்லாமல் ஒரு சார்பை மட்டும் வரைவோம். சைன் 31எக்ஸ் என்பதை வேறு எதையும் மாற்றாமல் வரையச் சொல்லுங்கள். கருவி தானாகவே எக்ஸின் எல்லையை −10 முதல் 10 வரை எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளிக்குள் ஏறத்தாழ 99 அலைகள் இருக்க வேண்டும். திரையில் வருவதோ இடப்புறம் கீழிருந்து வலப்புறம் மேலாக மெல்ல ஏறும் ஒரே கோடு!

காரணம் இதுதான். க்னூபிளாட் ஒரு வளைகோட்டை முழுமையாகக் கணக்கிடுவதில்லை. எல்லைக்குள் 100 இடங்களில் மட்டும் மதிப்பைக் கண்டு அவற்றை நேர்கோடுகளால் இணைக்கிறது. இங்கே இடத்துக்கு இடம் உள்ள தூரம் ஏறத்தாழ ஓர் அலையின் நீளமாகவே அமைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அலையின் ஏறக்குறைய அதே கட்டத்தில் போய்ப் பார்த்தால், அலை அசையவே இல்லை என்றுதான் தோன்றும். திரைப்படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் நிற்பது போலத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

‘செட் சாம்பிள்ஸ் 1000’ என்று சொல்லிவிட்டு மீண்டும் வரையுங்கள். அலைகள் நெருக்கமாக வெளிப்படும். எல்லையைச் சுருக்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு வளைகோட்டை நம்புமுன் இடங்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். வடிவம் மாறாவிட்டால் நம்பலாம். மாறினால், நீங்கள் முதலில் கண்டது சார்பின் வடிவமன்று.

பூச்சியங்கள் மறையும் இடம்

மேற்கண்ட இரண்டும் பார்த்த உடனே ஐயத்தைக் கிளப்பக்கூடிய பிழைகள். ஐயமே எழாதபடி நேரும் பிழை இவற்றைவிடக் கொடியது. மடக்கை அளவுகோல் அதற்கு இடம் தருகிறது.

மிகச் சிறியதும் மிகப் பெரியதுமான மதிப்புகளை ஒரே படத்தில் காட்ட ‘செட் லாக்ஸ்கேல்’ என்ற கட்டளை உதவும். பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. ஆகவே பூச்சிய மதிப்புள்ள புள்ளிகளைக் கருவி விட்டுவிடுகிறது. கணிதப்படி இதில் குற்றமில்லை. ஆனால் எத்தனை புள்ளிகளை விட்டேன் என்று அது சொல்வதில்லை. மிஞ்சிய புள்ளிகளைக் கொண்டு அழகான படம் ஒன்று வந்துவிடும். பார்ப்பவர் எல்லாம் சரியென்றே நினைப்பார்.

பூச்சியம் தானே, போனால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். க்னூபிளாட் பிறந்த அதே 1986-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். உந்துகலத்தின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக இயங்காததே காரணம். முந்தைய இரவிலேயே பொறியாளர்கள் குளிரைப் பற்றி எச்சரித்திருந்தனர். ஆனால் வளையம் பழுதுபட்ட பயணங்களை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு ஒப்பிட்டபோது, தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. குளிரிலும் பழுது இருந்தது, வெதுவெதுப்பிலும் பழுது இருந்தது.

விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையம் பழுதே இல்லாத பயணங்களையும் சேர்த்து இரண்டாவது வரைபடம் ஒன்றைத் தன் அறிக்கையில் தந்தது. அதில் உண்மை பளிச்சென்று தெரிந்தது. ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்குக் கீழே புறப்பட்ட 4 பயணங்களிலும் பழுது இருந்தது. அதற்கு மேலான வெப்பநிலையில் புறப்பட்ட 20 பயணங்களில் 3-இல் மட்டுமே பழுது. பூச்சியம் என்று விடப்பட்ட அந்த 17 புள்ளிகள்தான் செய்தியைத் தாங்கி நின்றன.

அங்கே பூச்சியங்களை விட்டவர்கள் மனிதர்கள். எந்த மென்பொருளும் அன்று. ஆனால் மனிதர் தெரிந்து செய்யத் தயங்க வேண்டிய ஒன்றை ஒரு கருவி கேட்காமலே செய்வது நமக்குக் கவலை தர வேண்டாமா? ‘17 புள்ளிகள் விடப்பட்டன’ என்று ஒரு வரி அச்சிடுவது கணிப்பொறிக்குப் பெரிய வேலையன்று. க்னூபிளாட்டின் மீது நான் வைக்கும் முதன்மையான குறை இதுவே. உதவிக் குறிப்புகளில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். எழுதியிருப்பது உண்மை. ஆனால் பிழை நேர்ந்ததே தெரியாத மாணவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

அழகுக்காக வளைத்த கோடுகள்

புள்ளிகளை இணைக்க ‘ஸ்மூத்’ என்ற வசதி உண்டு. அதில் ‘சிஸ்பிளைன்ஸ்’ என்ற முறை எல்லாப் புள்ளிகள் வழியாகவும் வழவழப்பாகச் செல்லும். ஆயினும் இரு புள்ளிகளுக்கிடையே அளவீட்டில் இல்லாத மேட்டையோ பள்ளத்தையோ படைத்துவிடலாம். ‘பெசியே’ என்ற முறை இரு முனைகளைத் தவிர மற்றப் புள்ளிகளைத் தொட வேண்டும் என்றே இல்லை. இரண்டையும் பயன்படுத்தலாம், ஆனால் அளந்த புள்ளிகளையும் அதே படத்தில் கட்டாயம் குறித்துக் காட்டுங்கள்.

செங்குத்து அச்சின் எல்லையையும் கருவி தானே தேர்ந்தெடுக்கும். மதிப்புகள் 98-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் படம் முழுவதையும் அந்த இரண்டு அலகுகளே நிறைக்கும்; சிறு மாற்றம் மலைபோல் தெரியும். நுண்ணிய மாறுதலைக் காட்ட இது தேவைப்படலாம். பட்டை வரைபடத்தில் பட்டையின் உயரமே மதிப்பைக் குறிப்பதால், அங்கே ‘செட் ஒய்ரேஞ்ச்’ கட்டளையால் அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவதே நேர்மை.

கோட்டைப் பொருத்தித் தரும் ‘ஃபிட்’ கட்டளை மீச்சிறு வர்க்க முறையில் இயங்குகிறது. தொடக்க மதிப்பு தராவிட்டால் ஒவ்வொரு மாறிலியையும் 1 எனக் கொண்டு தேடத் தொடங்கும். ஊசலின் நேர்கோட்டுக்கு அது போதும். சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 980 என்று கிடைக்கும். அலை போன்ற சிக்கலான சார்புகளில் தவறான பள்ளம் ஒன்றில் இறங்கி அங்கேயே நின்றுவிடக் கூடும். தோராய மதிப்பைக் கையால் கணித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடச் சொல்லுங்கள்.

சிறு தொல்லைகளும் ஒரு பெரிய நன்மையும்

வேறு சில தொல்லைகள் வெளிப்படையானவை, ஆகவே ஆபத்தில்லாதவை. வரைபடச் சாளரம் மின்னி மறைந்தால், ‘பெர்சிஸ்ட்’ என்ற விருப்பத்துடன் நிரலைத் தொடங்குங்கள். படக் கோப்பு வெறுமையாகவோ அரைகுறையாகவோ இருந்தால், இறுதியில் ‘அன்செட் அவுட்புட்’ என்று சொல்லிக் கோப்பை மூடுங்கள். எண்களுக்கிடையே காற்புள்ளி இருந்தால், அதுவே பிரிகுறி என்பதை ‘செட் டேட்டாஃபைல் செபரேட்டர்’ மூலம் அறிவியுங்கள். கோடு நடுவில் அறுந்தால், தரவுக் கோப்பில் வெற்று வரி ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள்.

இவ்வளவு குறை சொன்ன பின்னும் இக்கருவியை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். காரணம் அதன் கட்டளை வரிகளே. சுட்டிச் சுட்டி உருவாக்கிய படத்தில், வரைந்தவர் என்னென்ன செய்தார் என்பதற்குப் பெரும்பாலும் சுவடு இருப்பதில்லை. க்னூபிளாட்டில் வகுத்தது, விட்டது, வளைத்தது எல்லாம் ஒரு சிறு கோப்பில் எழுத்தாக நிற்கும். ஆசிரியர் அதைப் படித்துத் திருத்தலாம். நண்பர் அதை ஓட்டி அதே படத்தைப் பெறலாம். தன் வேலையைப் பிறர் சரிபார்க்க இடம் கொடுப்பதே அறிவியலின் முதல் ஒழுக்கம். அதற்கு இக்கருவி துணை நிற்கிறது.

கருவி கேட்காத கேள்விகளை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தரவில் எத்தனை வரிகள், படத்தில் எத்தனை புள்ளிகள்? ஒரே ஒரு மதிப்பையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்தேனா? இடங்களைக் கூட்டினால் வளைகோடு மாறுகிறதா? இம்மூன்றையும் கேட்டுக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். முதன்முறை க்னூபிளாட்டைத் தொடும்போது, பழைய ஊசல் சோதனையின் அளவீடுகளையே கொடுத்து வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் உங்கள் வரைபடத் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.