எசுத்தோனிய மொழியில் உறழ்பொரு

எசுத்தோனிய இலக்கணிகள் பண்புச்சொல்லின் தரங்களைத் தொடக்கத்தரம், இடைத்தரம், மீத்தரம் என மூன்றாகப் பகுப்பர். 'சூர்' எனின் பெரிய. அதன் ஆறாம் வேற்றுமை வடிவாகிய 'சூரெ' என்பதனோடு மகர ஒற்றுச் சேரச் 'சூரெம்' என்னும் இடைத்தரம் பிறக்கும். இப்பெயர்களை நோக்குவார்க்கு இஃது ஓர் ஏணியெனத் தோன்றும். ஆயின், மக்கள் வழக்கு அவ்வேணியில் ஒழுங்காக ஏறுவதில்லை.

'வன' என்பது முதிய எனப் பொருள்படும். 'வனெம்' என்பது அதனினும் மிக்க முதுமையைக் குறித்தல் வேண்டும். வழக்கிலோ, ஒருவரைக் கிழவர் என்று சொல்லக் கூசுவோர் 'வனெம்' என்றே சுட்டுவர். இங்கே இடைத்தரம் தொடக்கத்தரத்தினும் தாழ்ந்து நிற்கின்றது! இச்சொல்லே பெயராகிப் பெற்றோரையும் உணர்த்தும். அப்பொழுது எவரினும் மூத்தோர் என்னும் வினா எழுவதேயில்லை. மேலும் நல்ல எனப் பொருள்படும் 'பரெம்' என்பது வலக்கைக்கும் பெயராம். இவற்றில் உருபு நிற்க, உறழ்ச்சி மறைந்தது.

மீத்தரமும் ஆராய்தற்குரியது. 'கொய்கெ சூரெம்' என்பதில் 'கொய்கெ' எல்லாம் என்னும் சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம், பின்னிற்பதோ இடைத்தரமே. ஆகவே இது மூன்றாம் படியன்று; இரண்டாம் படியே அனைத்தையும் அளவாகக் கொண்டது. 'சூரிம்' என ஒரே சொல்லாய் அமையும் குறுவடிவும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழிச் சீர்திருத்தம் புரிந்த யோகன்னசு ஆவிக் (1880–1973) அதனைப் பெரிதும் ஆதரித்தார். எல்லாச் சொற்களும் அவ்வடிவை ஏலா.

உறழ்ச்சியின் உயிர்நிலை வேற்றுமையிலேயே உள்ளது என்பது எம் கருத்து. தார்த்து நகரினும் தாலின் பெரிது என்பதனைத் 'தாலின் ஒன் தார்த்துஸ்ட் சூரெம்' என்பர். 'தார்த்துஸ்ட்' என்னும் அதே வடிவம் தார்த்துவினின்று புறப்படுதலையும் குறிக்கும். நம் ஐந்தாம் வேற்றுமைக்கு உரையாசிரியர் பொருவையும் நீக்கத்தையும் ஒருங்கே கூறியமை ஈண்டு நினைக்கத்தக்கது. இதுகொண்டு இனவுறவு காட்டப் புகுதல் பிழை. வடமொழியும் இலத்தீனும் இந்நெறியை அறியும். திராவிடப் பண்புச்சொற்கள் தரவிகுதி பெறா என்று கால்டுவெல் 1856-இல் எழுதியதனை ஒரு குறையாகக் கொள்வார், விகுதியுடைய எசுத்தோனியமும் உறழப்படும் பொருளை வேற்றுமையால் உணர்த்துதலைக் காண்க.