அறிந்தே செய்யும் தீவினை: கரிசல் படைப்புகள் மூன்றில் அறத்தடுமாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

நல்லோராகப் படைக்கப்பட்ட மாந்தர், தவறென்று தெரிந்தும் அதனைச் செய்யும் நிலை கரிசல் படைப்புகளில் அழுத்தமாக இடம்பெறுகிறது. கு. அழகிரிசாமியின் ‘திரிபுரம்’ சிறுகதை, பூமணியின் ‘வெக்கை’ நாவல், அவர் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம் ஆகியவற்றைக் கொண்டு, அத்தகைய செயலுக்கு யார், யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரிசல் இலக்கியம், வினைத்தூய்மை, பசி, பழிவாங்கல், குழந்தை உழைப்பு

முன்னுரை

அறிந்தே எவரும் தீங்கு செய்வதில்லை, தீங்கு அறியாமையின் விளைவே என்பது சாக்ரட்டீசின் நிலைப்பாடு. அரிஸ்டாட்டில் இதனை அப்படியே ஏற்கவில்லை. அறிவிருந்தும் வேட்கைக்கு ஆட்படும் தன்னடக்கமின்மையைத் தம் அறவியல் நூலில் தனியே ஆராய்ந்தார். கரிசல் மாந்தர்க்கு இவ்விரு விளக்கங்களும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவர்கள் அறியாதவரும் அல்லர். இச்சையால் வழுவியவரும் அல்லர். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காடு பெரிதும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் சோளமும் பொய்க்கும். அப்போது மனிதர்முன் எஞ்சும் வழிகள் சில. அவற்றுள் பழியற்றது எதுவும் இல்லாமற்போவதும் உண்டு.

பசியும் சிரிப்பும்

இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி (1923–1970) எழுதிய ‘திரிபுரம்’, பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறிய தாய், மகள் இருவரின் கதை. மானத்தை உயிரினும் பெரிதாகக் கொண்ட குடும்பம், பசியின் முன் உடலை விலையாக்கும் நிலைக்கு வந்து சேர்கிறது. தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யலாகாது என்கிறது வினைத்தூய்மை அதிகாரத்தின் 656ஆம் குறள். அக்குறள் தடுத்த இடத்திலேயே இக்கதை தொடங்குகிறது எனலாம்.

இதனைக் குறளுக்கு எழுதப்பட்ட மறுப்பாகக் கொள்வது பொருந்தாது. செய்தது பழியன்று என்று கதை எங்கும் வாதாடவில்லை. பழி பழியாகவே நிற்கிறது. அதற்குரியவர் யார் என்பதே மாறுகிறது. முப்புரத்தைச் சிவபெருமான் சிரித்தெரித்த தொன்மத்தைத் தலைப்பு நினைவூட்ட, கதைமுடிவில் எழும் சிரிப்பு, மானத்தைப் போற்றிவிட்டுச் சோறிட மறந்த சமூகத்தின்மேல் பாய்கிறது. முறையிட மன்றம் இல்லாத இடத்தில் சிரிப்பே தீர்ப்பாகிறது.

வெட்டும் சரணும்

‘வெக்கை’ (1982) நாவலில் அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுகிறான். கையை மட்டும் துண்டிக்க எண்ணியவனின் வெட்டு உயிரையே பறித்துவிடுகிறது. தந்தை பரமசிவம் மகனோடு காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறார். கொடியோரைக் கொலையால் ஒறுத்தல் களை எடுப்பதற்கு நிகர் என்று 550ஆம் குறள் கூறினும், அவ்வுரிமையை வேந்தனுக்கே அளிக்கிறது. வேந்தன் செய்யவேண்டியதைச் செய்யாதபோது அவ்விடத்தில் ஒரு சிறுவன் நிற்க நேர்ந்த அவலமே நாவலின் அடித்தளம்.

பூமணி இக்கொலையை வீரமாக உயர்த்துவதில்லை. தலைமறைவு நாட்களை உணவு தேடல், நீர் தேடல், உறவினர் பற்றிய கவலை, பழைய நினைவுகள் ஆகியவையே நிறைக்கின்றன. மகனைப் பேணும் தந்தையின் பரிவு, கொலையின் கணத்தைவிட மிகுதியான பக்கங்களைப் பெறுகிறது. இறுதியில் இருவரும் நீதிமன்றத்தை நோக்கிச் செல்கின்றனர். தமக்கு நீதி வழங்காத அமைப்பிடமே கணக்கை ஒப்படைக்கும் இம்முடிவைத் தோல்வி எனக் கருத வேண்டியதில்லை. செயலை மறுக்காமல், அதன் விளைவைத் தாங்க முன்வருவதே அவர்களிடம் அழியாதிருக்கும் அறம். இந்நாவலைத் தழுவிய ‘அசுரன்’ (2019) மோதலின் வேகத்தைப் பெருக்கியபோது, நாவலின் இந்த அடங்கிய தொனி பின்னுக்குச் சென்றது.

தீப்பெட்டியும் பழக்கமும்

முதலிரண்டு படைப்புகளிலும் தீவினை ஒரு கணத்தில் நிகழ்கிறது. ‘கருவேலம்பூக்கள்’ காட்டும் தீவினை நாள்தோறும் நிகழ்வது. வானம் பார்த்த பூமியில் வேளாண்மை கைவிட, பெற்றோர் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைக்கு அனுப்புகின்றனர். பள்ளியில் இருக்கவேண்டிய குழந்தை கந்தகத்தின் நடுவே இருப்பது தவறென்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். அன்பு குறைந்தவரும் அல்லர். ஆயினும் குழந்தையின் கூலி ஒருமுறை அடுப்பெரித்துவிட்டால், மறுநாள் அதனை விடுவது கடினமாகிறது.

1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடைசெய்தது. அவர்தம் குடும்ப உறுப்பினரின் துணையோடு நடத்தும் பணிமனைக்கு அது விலக்களித்தது. சிவகாசித் தொழிலகங்கள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றது. குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை, அல்லது அரசின் பங்காக 5,000 ரூபாய் என்றும் வகுத்தது. பெற்றோரின் குற்றத்தை மட்டும் நோக்காமல் அதன் பின்னுள்ள வறுமையையும் முதலாளியின் பொறுப்பையும் தீர்ப்பு கணக்கிற் கொண்டது குறிப்பிடத்தக்கது.

ஒப்பீட்டில் புலப்படுவது

பசி கதையில் சிரிப்பு உண்டு. பழிவாங்கல் நாவலில் நீதிமன்றம் உண்டு. நாட்கூலிக்கு அனுப்பப்படும் குழந்தையின் பொருட்டு எழும் சிரிப்பும் இல்லை, சரணும் இல்லை. இங்கே தவறு பழக்கமாகிறது. பழக்கம் அறிவை மெல்ல மழுங்கச் செய்கிறது. எனவே மூன்றனுள் கொலையே சட்டத்தின் கண்ணில் பெரிதாயினும், மனச்சான்றை மிகுதியாக அரிப்பது மூன்றாவதே.

சூழலே அனைத்திற்கும் காரணம் எனில் மனிதப் பொறுப்பு மறைந்துவிடாதா என்னும் தடை எழலாம். இப்படைப்புகள் அதற்கு இடமளிப்பதில்லை. சூழலால் முழுதும் இயக்கப்படுபவன் தன் செயலைத் தவறென உணர வேண்டியதில்லை. இம்மாந்தரோ உணர்கின்றனர். அவ்வுணர்வு அவர்களை விடுவிப்பதில்லை. அவர்கள் இன்னும் நல்லோர் என்பதற்குச் சான்றாகிறது.

முடிவுரை

கரிசல் படைப்பாளிகள் தீவினையை நியாயப்படுத்தவும் இல்லை, செய்தவரைத் தூற்றவும் இல்லை. பழியைச் செய்தவரிடம் ஒரு பங்கும், வேறு வழியை அடைத்தவரிடம் ஒரு பங்குமாகப் பகிர்கின்றனர். வட்டார இலக்கியத்தை மொழி, வழக்காறு ஆகியவற்றின் தொகுப்பாக மட்டும் அணுகும் ஆய்வு இப்பகிர்வைக் காணத் தவறும். கரிசல் எழுத்து அறவியல் சிந்தனைக்கு அளிக்கும் கொடையை அறிய, அதன் மாந்தர் கூசி நிற்கும் இடங்களையும் ஆய்வு கருத்திற்கொள்ள வேண்டும்.