அழியுமூரும் அழியாவூரும்

திருவண்ணாமலைச் சரிவிலுள்ள குகையொன்றில் உறைந்து தவம் புரிந்த குகை நமசிவாயர் பாடியதாக வழங்கும் வெண்பா ஒன்றுண்டு. அவருடைய அருணகிரி அந்தாதியை ஒருமுறையேனும் ஓதியறியாதவரும் இத்தனிப்பாட்டை அறிவர். என்னை? அது வசைப்பாட்டாகலின். துதி மெல்லச் செல்லும். வசை விரைந்து பரவும். அந்நகரத்தாரைக் கோள் கூறுவோர் என்றும், பழிக்கு அஞ்சாதவர் என்றும், பாதகர் என்றும் அடுக்கிக் கொண்டு சென்று, ஈற்றடியில் மட்டும் அவ்வூரை அழியாத ஊர் என்று முடிக்கின்றது அப்பாட்டு. நகைச்சுவை கருதி அதனை எடுத்துரைப்பார் பலர். அதன் முடிபை உற்று நோக்குவார் சிலர்.

அதன் தோற்றம்பற்றிய கர்ணபரம்பரைக் கதை வருமாறு. வீரசைவ மரபினராகச் சொல்லப்படும் அம்முனிவரை எள்ளி நகையாடக் கருதிய இளைஞர் சிலர், உயிருள்ள ஒருவனைப் பிணம்போலப் பாடையிற் கிடத்திக் கொணர்ந்து, எழுப்பித் தருமாறு வேண்டினர். அவர் சூதினை உணர்ந்து, இறந்தவன் இறந்தவனே என்றனர். பாடையிற் கிடந்தவன் மெய்யாகவே உயிர் நீத்திருந்தான். வேறு வகையாகக் கூறுவாரும் உளர். அதன்பின் ஊரார் செயலால் மனம் நொந்த முனிவர் அவர்தம் குற்றங்களை வெண்பாவாக அடுக்கி, அழியும் ஊர் எனச் சாபமாக முடிக்கப் புகுந்தவளவில், அண்ணாமலையார் தாமும் அவ்வூரில் இருப்பதை உணர்த்தினர் என்ப. முனிவர் அச்சொல்லை மாற்றிப் பாட்டை முடித்தனர்.

இப்பாட்டினைக் காளமேகப் புலவர் திருமலைராயன் பட்டினத்தின்மேற் பாடியதாக வழங்கும் வசைவெண்பாவோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். இரண்டும் கோளர் வாழும் ஊர் என்றே தொடங்குகின்றன. காளைபோல் நின்று கதறும் செய்தியும் இரண்டிலும் வருகின்றது. எது முந்தியது, எது எதனைத் தழுவியது என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் கிடக்க. வாய்மொழியாக வழங்கும் தனிப்பாடல்களில் அத்தகைய கலப்பு இயல்பே. கருதற்பாலது முடிபு. காளமேகர் அவ்வூரில் வானமழை அற்று மண்மழை பெய்க எனச் சபித்தனர். ஊர் மண்மூடியது என்பது கதை. ஒரே வகைத் தொடக்கம். ஒரே வகைக் குற்றச்சாட்டு. ஒன்று ஊரை மூடுகின்றது, மற்றொன்று ஊரைக் காக்கின்றது.

காத்தற்கு வேண்டிய மாற்றமோ மிகச் சிறிது. அழியும் என்பது உடன்பாட்டுப் பெயரெச்சம். அழியா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழியுமூர் எனின் விளச்சீர், அழியாவூர் எனின் காய்ச்சீர். அடுத்து வரும் சீர் நேரசை முதலாகலின், முன்னது இயற்சீர் வெண்டளையும் பின்னது வெண்சீர் வெண்டளையுமாய் இரண்டும் செவ்வனே பொருந்தும். சினத்தின் நடுவே சொல்லைத் திருப்பிக்கொள்ளத் தமிழ் யாப்பு இத்துணை இடந்தருகின்றது என்பது வியக்கத்தக்கதே. திரும்ப மனம் வேண்டும், அவ்வளவே.

ஈண்டுக் கருதத்தக்கது மற்றொன்று. முனிவர் குற்றச்சாட்டுள் ஒன்றையேனும் விலக்கினாரல்லர். கோளர் கோளரே, பாதகர் பாதகரே. ஆகவே இன்சொல்லாவது குற்றத்தை மறைத்துரைக்கும் முகமன் என்று கருதுவார் கூற்று இப்பாட்டின்முன் நில்லாது. உள்ளதைச் சொல்லி, கெடுக என்பதனை மட்டும் சொல்லாது விடுதலும் இன்சொல்லின்பாற்படும்.

அஃதேல், முனிவர் சொல்லை மாற்றியது இறைவன்பால் வைத்த அன்பினாலன்றோ? ஊரார்பால் இரங்கியதாகக் கதையில் ஒரு குறிப்பும் இல்லையே எனின், இது தக்க வினாவே, எளிதில் ஒதுக்கற்பாலதன்று. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தைக் காட்டி விடைகூற முற்படுவர் சிலர். அது பொருந்தாது. அச்சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு கூறுவது. பாடை தூக்கி வந்தவர் அடியாரல்லர். விடை இரண்டாஞ் சூத்திரத்தில் உளது. இறைவன் உயிர்களோடு கலப்பினால் ஒன்றாயும், பொருள்தன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய்ச் செலுத்துதலால் உடனாயும் நிற்பன். இவ்வுடனாதல் நல்லுயிர், தீயுயிர் என்னும் வேறுபாடு நோக்குவதன்று. நானும் இங்கு உளேன் என்றவன் கோயிலுள் இருப்பதை மட்டும் கூறினானல்லன். முனிவர் எவரை நோக்கிப் பாடினாரோ அவருள்ளும் இருப்பதைக் கூறினான். அவ்வாறு கொள்ளின் ஊரார்பால் இரக்கமும் இறைவன்பால் அன்பும் இரண்டல்ல.

திருவள்ளுவர் இனியவை கூறலை இல்லறவியலில் 10-ஆம் அதிகாரமாகவும் வாய்மையைத் துறவறவியலில் 30-ஆம் அதிகாரமாகவும் வைத்தனர். இன்சொல்லின் இலக்கணம் கூறும் முதற்குறளிலேயே, அன்பு கலந்து வஞ்சனையின்றிச் செம்பொருள் கண்டார் கூறுவது என்றனர். அச்செம்பொருளுக்கு அறம் எனப் பரிமேலழகர் பொருள் கூறினர். மெய்யுணர்தல் அதிகாரத்தில் அதே சொல் வீட்டிற்கு ஏதுவாகிய பரம்பொருளைச் சுட்டுகின்றது. அப்பொருளை முன்னைய குறளிலும் ஏற்றிப் பார்ப்பின் உரையாசிரியரோடு மாறுபடுதலாகுமேனும், குகை நமசிவாயர் கதைக்கு அஃது இயைகின்றது. செம்பொருளைக் கண்ட பின்னரே அவர் சொல் திரும்பிற்று. திருமூலரோ இன்னும் எளிமையாக, இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி என்பவற்றோடு இன்னுரையையும் சேர்த்து, எல்லார்க்கும் இயலுவன என்றனர்.

எல்லார்க்கும் இயலுவதுதான் இல்லங்களில் அரிதாயிற்று. தந்தை மகனைக் கடியுங்கால் செய்த பிழையோடு நிற்பதில்லை, உருப்படமாட்டாய் என்று ஈற்றடியையும் சொல்லிவிடுகின்றனர். மாமி மருமகள்பாலும், ஆசிரியர் மாணாக்கர்பாலும் அவ்வாறே. பிரம்படியின் தழும்பை மறந்த மாணாக்கருள்ளும் இவ்வொரு சொல்லை முதுமைவரை சுமந்தோர் பலர். கடிதல் வேண்டாமென்பார் யாருமிலர். பிழைகளை எண்ணிச் சொல்லுவதற்கு வெண்பாவில் மூன்றடிகள் உள. நான்காமடி சொல்லுவான் உரிமையன்று.

பதிப்பாசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இவ்வெண்பாவை அச்சிடுவோர் அழியுமூர் என்பதனைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் ஏற்ற நினைப்பாராயின், அது முறையன்று. கதையின்படி அச்சொல் முனிவர் வாயினின்று வெளிப்பட்டதன்று, பாடப்படாதது பாடமாகாது. கதையைப் பாட்டின்கீழ்ச் சுருக்கமாகத் தருவதே அமையும். கதையின்றிப் பாட்டை மட்டும் அச்சிடின், படிப்போர் கையில் எஞ்சுவது ஊர்வசையே.