கார்டு இருக்கா?

வடபழனியில் நூறடிச் சாலையிலும் ஆற்காடு சாலையிலும் பெரிய தனியார் மருத்துவமனைகள். பக்கத்திலேயே கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அரசு மருத்துவமனையும். முருகன் கோயில் வாசலில் பூ விற்பவரும் ஸ்டுடியோவில் லைட் தூக்குபவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவர்கள். இருதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதும் அவர்கள் வீட்டில் எழும் முதல் கேள்வி, “கார்டு இருக்கா?” அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. அந்தத் திட்டம் மக்கள் வாழ்வில் அந்த அளவுக்கு ஊறிவிட்டது.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். ஆட்சி மாறி 2012 ஜனவரியில் பெயர் மாறியது. ஆண்டுக்கு 1 லட்சம் என்றானது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, பிறகு 5 லட்சம் வரை உயர்ந்தது. எந்த ஆட்சியும் இதைக் கைவிடத் துணியவில்லை. மக்கள் இதைச் சலுகையாக நினைக்காமல் உரிமையாக நினைக்கத் தொடங்கியதே காரணம்.

இன்னொரு நல்ல அம்சத்தைப் பலரும் பேசுவதில்லை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களும், ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் திட்டத்தில் சேரலாம். இங்கே வாழ்கிறவர் நம்மவர் என்பதுதான் இதன் பொருள். தமிழ்நாடு என்ற அடையாளத்துக்கு இதைவிடக் கண்ணியமான விளக்கத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பெயர் விஷயத்துக்கு வந்தால்தான் வருத்தம். 1948இல் தொடங்கிய பொது மருத்துவச் சேவையை பிரிட்டன் மக்கள் தேசப் பெருமையாகவே கருதுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் செவிலியர்களையும் கட்டில்களையும் அரங்கின் நடுவில் நிறுத்தினார்கள். அந்தச் சேவைக்கு எந்தத் தலைவர் பெயரும் இல்லை. இங்கே அட்டை யார் பெயரில் என்பதில் போட்டி. ஒன்றிய அரசும் சளைத்ததல்ல. 2023இல் நலவாழ்வு மையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயர் சூட்டியது. பெயர்ப் பலகைச் சண்டையில் சிகிச்சையைப் பற்றிய கேள்விகள் காணாமல் போகின்றன. குறை சொன்னால் மாநிலத்தையே பழித்ததாகக் கோபம் வருகிறது.

நாம் பெருமைப்படும் மருத்துவத்தைக் கட்டியது காப்பீடு அல்ல. 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது சுகாதாரச் சட்டம், ஊர் ஊராக எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆகியவைதான் அதைக் கட்டின. அந்தக் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த மாத்திரைக்கு நோயாளி வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை.

காப்பீடோ பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினமும் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. அந்த மாத்திரை தவறி சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸுக்கு உதவும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. ஆனால் வேறொரு கசிவு இருக்கிறது. அட்டையை ஏற்ற பிறகும் “இது பேக்கேஜில் வராது” என்று தனியாகப் பணம் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. அடகுக் கடைக்கு நகை போவது அப்போதுதான்.

காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் கிடைக்காத, அல்லது காத்திருக்க முடியாத சிகிச்சைக்கு அது இருக்கட்டும். மற்றதை அரசு மருத்துவமனையே செய்யும்படி ஆளும் கருவியும் கொடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தோடு 2022இல் போட்ட ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. அடுத்த ஒப்பந்தத்தில், எந்த மருத்துவமனை எவ்வளவு பெற்றது, எத்தனை நோயாளிகளிடம் கூடுதல் பணம் வாங்கியது என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தனியாகப் பணம் கேட்டால், கட்டும் முன் 104 உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.